பழக்கிய வெள்ளை

துண்டுக்கு அடியில் ஒரு மனிதனின் கையைப் பிடித்துவிட்டால் அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவசரத்தில் இருக்கிறானா, வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறானா, வேறு தரகனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறானா எல்லாம் கையிலேயே இருக்கும். முப்பது வருடம் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த கை இது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐந்தா, ஐம்பதா, ஐந்நூறா என்பதை மட்டும் வாயால் சொல்லிக்கொள்வோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விரல் பேசியது யாருக்கும் தெரியாது. வாயில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், விரலில் புளுகினால் மறுநாள் சந்தைக்குள் விட மாட்டார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே நியாயம் அதுதான்.

இப்போது நான் மாடு பேசுவதில்லை. வெள்ளை பேசுகிறேன்.

கரிக்காய்ச்சல் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் உதடு கறுக்கும், ஐந்தாம் நாள் மூச்சு நிற்கும். என் மனைவி மயிலாத்தாளுக்கு நான்காம் நாளே நின்றுவிட்டது; எதையும் தள்ளிப் போடாத பெண். தடுப்பூசிகள் வந்தன. ஊசி போட்டு, இதுதான் திருடன் என்று உடம்புக்கு அடையாளம் காட்டினால், அடுத்த மாதமே அந்தக் கிருமி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் காய்ச்சல் வந்தும் பிழைத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு இருந்தது. அது சட்டையைப் பார்ப்பதில்லை, நடையைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடும். அதை எடுத்து, பெருக்கி, இன்னொருவர் உடம்பில் ஏற்றினால் அவருக்கும் காவல் கிடைத்தது.

நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கிற சரக்கு, மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்கும் வேண்டும். இதற்குப் பெயர் சந்தை. அரசாங்கம் வேறு மாதிரி நினைத்தது. கொடுப்பவருக்கு இவ்வளவு கூலி என்று தானே நிர்ணயித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது, பேரம் பேசினால் ஜெயில் என்று சட்டம் போட்டது. பேரம் கூடாது என்று சட்டம் போட்ட அன்றைக்கே எனக்கு வேலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவுக் கூடத்தில் மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள், பேச்சைப் பதிவு செய்ய மைக் வைத்தார்கள். தோளில் துண்டு போடக் கூடாது என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள்.

கூலியில் பேரம் இல்லை. எத்தனை தடவை என்பதில்தான் பேரம்.

தாசப்பன் என்ற லாரி டிரைவரை அப்படித்தான் பேசி முடித்தேன். கிணத்துக்கடவுக்காரர், காய்ச்சலில் பிழைத்தவர், மூன்று பெண் பிள்ளைகள். துண்டுக்கு அடியில் என் மூன்று விரலைப் பிடித்தார். நான் அவருடைய ஐந்தையும் பிடித்து, விட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தேன். ஏழு.

"ஏனுங் தரகரே, ஒடம்பு தாங்கோணுமுங்களே" என்றார்.

"லாரி ஓட்டுன ஒடம்புங்க இது. வால்பாறை வளைவெல்லாம் ஒத்தக் கையில திருப்புன ஆளு, ஊசிக்குப் பயந்தா ஊர் சிரிக்குமுங்."

சிரித்தார். அவர் கை மட்டும் சிரிக்கவில்லை. ஏழுக்கு ஒத்துக்கொண்டபோது அது குளிர்ந்திருந்தது எனக்குத் தெரியும். பொள்ளாச்சியில் ஒரு பெயர், உடுமலையில் ஒரு பெயர், தாராபுரத்தில் ஒரு பெயர் என்று நான்கு மாதத்துக்குள் ஏழு தடவையும் எடுக்க வைத்தேன்.

அந்த ஏழில் இரண்டு பை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஒன்று தென்னைநார் மில் வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கு. மற்றது என் மகள் பூவரசிக்கு. பூவரசி பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் சோதித்து எழுதுகிறவள். விடிந்தால் எழுபது பேர் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக வந்து மூச்சு விடுவார்கள். மயிலாத்தாள் போன பிறகு எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான்.

பை வந்த அன்று டாக்டர் சபீனா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். பொறுமையான பெண்மணி. அந்தப் பொறுமையை நான் வேறு யாருக்காவது விட்டு வைத்திருக்கலாம்.

"சென்னியப்பன், வெள்ளணுவோட வேலை என்ன தெரியுமா?"

"காவலுங்க. கிருமி வந்தா அடிக்கறது."

"அதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு. யாரு சொந்தம், யாரு அந்நியம்னு கண்டுபிடிக்கணும். உங்க நெஞ்சுக்குள்ள, எலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. சின்ன வயசுல உங்க வெள்ளணு எல்லாம் அங்கதான் பழகும். உங்க சொந்த உடம்பையே அடிக்கப் பாக்கறதை அங்கயே சாகடிச்சிடும். தேறுனது மட்டும்தான் வெளிய வரும்."

"கண்டிப்பான வாத்தியாரு போல."

"ரொம்பக் கண்டிப்பு. நூறுக்கு அஞ்சு கூடத் தேறாது. இப்ப யோசிங்க. தாசப்பனோட வெள்ளணு தாசப்பன் உடம்புல பழகுனது. அதை உங்க மகளுக்கு ஏத்துனா என்ன செய்யும்?"

"விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி ரெண்டு நாளு கம்முனு இருக்குமுங்."

"இருக்காது. வந்த வீட்டையே திருடன் வீடுன்னு நினைச்சு அடிக்கும். தோல், குடல், ஈரல் எல்லாத்தையும். அதனாலதான் இருபத்தொரு நாள் இங்க வச்சுப் பழக்கறோம். ஏத்திக்கப் போறவங்க திசுவைக் கொஞ்சம் எடுத்து, அதுக்கு நடுவுல இந்த அணுக்களை விட்டுடுவோம். எது முட்டுதோ அதைக் கழிச்சிடுவோம். முட்டாதது மட்டும் பையில போகும்."

"மாட்டைப் பழக்கற மாதிரி" என்றேன்.

டாக்டருக்கு ஏதோ போன் வந்தது. "ஆமா, அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் அப்படியே வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பு. பழகிய மாடு என்றால் யார் கயிற்றைப் பிடித்தாலும் பின்னால் வரும். விற்றவன் தோட்டத்தில் பழகியது வாங்கியவன் தோட்டத்திலும் முட்டாது. எனக்குத் தெரிந்த பழக்கம் அது ஒன்றுதான்.

இருபத்தொரு நாள் முடிந்து இரண்டு பையும் ஒரே பெட்டியில் தயாராக இருந்தன. அன்று காலை எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சந்தையில் வளர்ந்தவனுக்கு மட்டும் வரக்கூடிய எண்ணம். பெரிய ஆளுக்குப் போகும் மூட்டையைச் சலித்து, புடைத்து, கல் பொறுக்கி அனுப்புவார்கள். அடியில் மிஞ்சுவதைத் தரகனுக்குத் தள்ளுவார்கள். நானே எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன்! நாச்சிமுத்துவுக்கான பையை டாக்டர்கள் நாலு தடவை கழித்திருப்பார்கள், என் மகளுக்கானதை ஒரு தடவைதான் என்று பட்டது.

பெட்டியைக் கவனித்துக்கொள்கிற அட்டெண்டர் பட்டீசு எனக்குப் பழக்கம். பட்டீஸ்வரன் என்ற பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

"ரெண்டு பைக்கும் சீட்டை மட்டும் மாத்தி ஒட்டிரு" என்றேன்.

"எதுக்குங்ணா?"

"ஒரே ஆளு ரத்தம், ஒரே பக்குவம். யாருக்குப் போனா உனக்கென்ன? வெள்ளிக்கெழமை உன்ற வீட்டு வாசல்ல ஒரு கெடாரிக் கன்னு நிக்கும்."

பட்டீசு என்னையே பார்த்தான். ஏதோ சிரிப்பை அடக்குகிற முகம். "சரிங்ணா" என்றான். கன்று வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது.

பூவரசிக்குப் பை ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் காலை சந்தை டீக்கடையில் காதர் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்கு வெள்ளை பேசுகிற தரகர் அவர். எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அன்று குரலைத் தாழ்த்தினார்.

"சென்னி, சேதி தெரியுமா? ஈரோட்டுப் பக்கம் ஒரு எடத்துல பை மாறிப் போச்சு. அண்ணனுக்கு ஏத்த வேண்டியதைத் தம்பிக்கு ஏத்திட்டாங்க."

"ஒரே ஆளு குடுத்ததுதானுங்களே?"

"ஒரே ஆளுதான். அதனால என்ன? பழக்கறது ஆளுக்கு ஆளு பழக்கறதாம். அண்ணனை முட்டாம இருக்கப் பழகுனது தம்பியைப் பிச்சு எறிஞ்சிருச்சு. கூடப் பொறந்தவனுக்கே அந்தக் கதி."

டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தது சரியான இடத்திலா என்று தெரியவில்லை, டீ பெஞ்சில் ஓடியது.

"எப்படித் தெரியுமாம்?"

"உள்ளங்கை. மொதல்ல உள்ளங்கை செவக்கும், எரியும், தோலு உரியும். பத்து நாள்ல ஆரம்பிக்குமாம். அதுக்கப்பறம் ஈரல்தான். பையனை மூணு நாள்ல முடிச்சிருச்சு." என் முகத்தைப் பார்த்தார். "நீ ஏன் வேர்க்கற?"

"டீ சூடு" என்றேன்.

அதே நேரத்தில் நாச்சிமுத்துவின் வண்டி வந்து நின்றது. அவர் தன் மனைவிக்கு வேறொரு பை பேச வந்திருந்தார். எழுபது வயதிலும் வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். வழக்கம் போல என் தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்து என் கை மேல் போட்டார். வழக்கம் போல என் விரலைப் பிடித்தார்.

அந்தக் கை சொரசொரவென்று இருந்தது. முன்பு மாதம் ஒரு தடவை பிடித்த கைதான். மில் முதலாளியின் மெத்தென்ற கை, தேங்காய் நாரைத் தொடாத கை. இன்று உள்ளங்கை உலர்ந்த ஓலை போல இருந்தது. நான் விரலை நகர்த்தியபோது தோல் ஒரு துணுக்கு உரிந்து என் விரலோடு வந்தது. கை கொதித்தது.

"என்னுங்க மாப்ள, எண்ணிக்கையைச் சொல்லுங்" என்றார் சிரித்தபடி.

எனக்கு எந்த எண்ணும் ஞாபகம் வரவில்லை. "வயிறு சரியில்லீங்" என்று எழுந்தேன். துண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. நடந்து, பிறகு ஓடினேன்.

பால் சங்கத்தில் காலைக் கூட்டம் முடிந்திருந்தது. பூவரசி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு கண்ணு."

"என்னப்பா, கைரேகை பாக்கக் கத்துக்கிட்டீங்களா?"

"காட்டு சாமி."

நீட்டினாள். இரண்டு உள்ளங்கையும் செக்கச் செவேல் என்று இருந்தன. அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன்.

"மருதாணிப்பா. எங்க சங்கத்துச் சரண்யா கல்யாணத்துக்கு நேத்து வச்சோம். ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"எரியுதா?"

"கொஞ்சம் எரியுது. கடைக் கோன்தான், அதுல என்னத்தையோ கலக்கறாங்க."

மருதாணிக்கு அடியில் இருக்கிற சிவப்பை நான் எப்படிப் பார்ப்பேன்? தேய்த்துப் பார்த்தேன். கழுவச் சொல்லிப் பார்த்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் ஒரு இடத்தில் தோல் லேசாக எழும்பியிருந்தது. அல்லது எழும்பியிருந்ததாக எனக்குத் தோன்றியது. அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, என்ன பண்ணி வச்சீங்க?"

தரகன் மகள். என் முகத்தைப் படிக்கத் துண்டு தேவையில்லை அவளுக்கு.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கன்றுக்குட்டி உட்பட. ஆட்டோக்காரர் ரேடியோவில் கரிக்காய்ச்சலின் புதிய அலை கிணத்துக்கடவு வரை வந்துவிட்டது என்று ஒரு பெண் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஒத்தக்கால்மண்டபம். அதற்கு முந்தின வாரம் ஈச்சனாரி. கோவை ரோட்டில் பஸ் வருகிற வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது.

பூவரசி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்குன்னு செஞ்சு வச்சதை விட அடுத்தவங்களுக்கு வச்சது நல்லா இருக்கும்னு எப்படிப்பா தோணுச்சு?"

"தொழில் புத்தி, சாமி."

"என்னையும் தொழில்ல சேத்துட்டீங்க."

டாக்டர் சபீனா நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் திட்டாமல் மணியைப் பார்த்தார்.

"பதினோரு நாள். உள்ளங்கை சிவப்பு. எரிச்சல்."

"மருதாணிங்க டாக்டர்" என்றாள் பூவரசி.

"மருதாணியாவும் இருக்கலாம். ரத்தம் எடுத்துச் சோதிச்சுச் சொல்றதுக்கு நாலு நாள் ஆகும். பை மாறுனது நிஜம்னா உன் ஈரல் நாலு நாள் காத்திருக்காது." என் பக்கம் திரும்பினார். "மாறுனது நிச்சயமா?"

"கன்னுக்குட்டியே குடுத்துட்டனுங். பட்டீசைக் கேட்டா வேலைக்குப் பயந்து மாத்தலைன்னுதான் சொல்லுவான். மில்லுக்காரரு கையை இன்னைக்குப் பிடிச்சுப் பாத்தேன், தோலு உரியுது. அது போதாதுங்களா?"

அது போதும் என்பது போல டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒரு வழி இருக்கு. பையில ஏத்தற ஒவ்வொரு வெள்ளணுவுக்குள்ளயும் நாங்க ஒரு பூட்டு வச்சு அனுப்பறோம். அதுக்குச் சாவி ஒரு ஊசி மருந்து. போட்டா அரை மணி நேரத்துல உள்ள போன இரவல் அணு எல்லாம் தானாவே செத்துடும்."

"முட்டறது மட்டுமுங்களா?"

"எல்லாமே. தாசப்பன் குடுத்ததுல ஒண்ணு கூட மிஞ்சாது."

"அப்பறம் எனக்குக் காவல்?" பூவரசி கேட்டாள்.

"இருக்காது. மறுபடி எடுத்து, மறுபடி இருபத்தொரு நாள் பழக்கணும்."

"காய்ச்சல் கிணத்துக்கடவுல இருக்குங்க டாக்டர்."

"தெரியும்மா."

உள்ளே இருப்பது கொல்லலாம், வெளியே இருப்பதும் கொல்லலாம். என் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் நஷ்டமாக ஒரு பேரம் வந்தது அன்றுதான். யாரிடம் குறைத்துக் கேட்பது என்று தெரியவில்லை.

"அம்மா மேல சத்தியமா மாத்துனது நிஜந்தானே?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"நிஜம்" என்றேன். நான் வாயால் சொன்ன உண்மைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஊசி ஏறியது. ஒரு சின்னப் பாட்டில், நிறமில்லாத மருந்து. பத்து நிமிடத்தில் காலியானது. அவளுக்கு லேசாகக் குளிர்ந்தது. என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன்.

பாட்டில் காலியான பிறகுதான் நாச்சிமுத்து வந்து சேர்ந்தார். டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். பின்னாலேயே பட்டீசு இரண்டாவது பாட்டிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். டாக்டர் நடந்ததைச் சொல்லச் சொல்ல நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. பிறகு திடீரென்று என் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினார். சட்டை இல்லாததால் தோளைப் பிடித்தார்.

"நீ மாத்தச் சொன்னியா? நீ எப்படா மாத்தச் சொன்னே?"

"ஏத்தற அன்னைக்குக் காலைல, மாமா."

"அட பாவி! நான் அதுக்கு மொத நாளே மாத்தச் சொல்லிட்டேனேடா!"

யாருக்கும் புரியவில்லை. அவரே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"தரகன் சொந்த மகளுக்குன்னு எடுத்து வச்ச சரக்கு சொத்தையாவா இருக்கும்? இருக்கறதுலயே நயம் அதாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இந்தப் பட்டீசுகிட்டச் சொல்லி உன்ற மகள் பையை எனக்கு மாத்தி வாங்குனேன். அவன் மச்சானுக்கு மில்லுல வேலை போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் பட்டீசைப் பார்த்தார். நான் பார்த்தேன். பட்டீசு தட்டைக் கீழே வைத்தான்.

"நான் மாத்தவே இல்லீங்க" என்றான்.

"எதை?"

"எதையுமே மாத்தலீங்க டாக்டர். மொத நாளு மில்லு மொதலாளி மாத்தச் சொன்னாரு. காலைல மாத்தலாம்னு விட்டிருந்தேன். காலைல தரகரண்ணன் வந்து மாத்தச் சொன்னாரு. ரெண்டு தடவை மாத்துனா எங்க இருந்துச்சோ அங்கதானுங்களே வரும்? எதுக்குத் தொட்டு வீணா வம்புன்னு அப்படியே வச்சுட்டேன். அவங்கவங்க பை அவங்கவங்களுக்குத்தான் ஏறுச்சு. புள்ளைக்கு ஊசி போட்டது எனக்குத் தெரியாதுங்க. இப்பத்தான் தட்டை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க..."

டாக்டர் நாச்சிமுத்துவின் கையை இழுத்து முகர்ந்தார்.

"இதுல என்ன வாடை?"

"பிளீச்சிங் பவுடருங்க. காய்ச்சல் பயம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கழுவறேன். பை ஏத்துன பின்னாலயும் மனசு கேக்கறதில்லை."

பூவரசி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கோன் மருதாணி, அழகாக, வட்டமாக, சிவப்பாக இருந்தது. அவளுக்கென்று இருபத்தொரு நாள் பழக்கி, ஒரு குறையும் இல்லாமல் அவள் உடம்பில் காவல் காத்துக்கொண்டிருந்த லட்சோப லட்சம் வெள்ளணுக்கள் அந்த நிமிடத்தில் அவளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. சாவியைத் திருப்பியது நான். திருப்பிய பிறகு நிறுத்த வழியில்லை. அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "என்ற ஒடம்புல இருக்கறதை எடுத்துப் புள்ளைக்குக் குடுக்க முடியாதுங்களா டாக்டர்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை.

"அது உங்களுக்குப் பழகினது. அவளை முட்டும்."

இப்போது எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

"தாசப்பனைக் கூட்டிட்டு வாறனுங்" என்றேன். "இப்பவே போறேன். இன்னைக்கே எடுத்துட்டா இருபத்தொரு நாள்தானே? அதுவரைக்கும் அவளைக் கதவைச் சாத்தி வச்சிருக்கேன். யாரையும் விட மாட்டேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"தாசப்பன் இங்கதான் இருக்காரு. தனி அறையில. முந்தா நாள் அவரு பெரிய பொண்ணு கூட்டிட்டு வந்து சேத்தா. அவரு ரத்தத்துல எண்ணறதுக்கு வெள்ளணு இல்ல. சாதாரண சளி பிடிச்சாக்கூடத் தாங்க மாட்டாரு. சின்னப் பொண்ணு தினமும் வெளிய நின்னு கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போகுது." என் கையைப் பார்த்தார், முகத்தை அல்ல. "மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு சட்டம். நாலு மாசத்துல ஏழு தடவை எடுத்திருக்காங்க, வேற வேற பேருல. யாரு இப்படிப் பேசி முடிச்சதுன்னு கேட்டேன். அவரு சொல்லலை."

தாசப்பன் மூன்று விரல் பிடித்தார். நான் ஏழு என்றேன். அந்த நான்கு விரலில் ஒன்றே ஒன்று இப்போது அவரிடம் மிச்சம் இருந்திருந்தால் போதும்.

வேறு ஆள் தேட வேண்டும் என்றார் டாக்டர். பூவரசிக்குப் பொருந்துகிற ஆள், காய்ச்சலில் பிழைத்த ஆள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதுவதாகச் சொன்னார். ஆள் கிடைத்து, எடுத்து, அதன் பிறகு இருபத்தொரு நாள். கிடைக்க எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைப் பற்றி மேலே எழுத வேண்டியது தன் கடமை என்றும் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

வெளியே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே சிமென்ட் பெஞ்சு. உச்சி வெயில். உள்ளே காற்றில்லாத கூடத்தில் முப்பது பேர் இருமிக்கொண்டிருந்ததால் அவளை அங்கே உட்கார வைத்தேன். முகத்தில் இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். யாராவது பக்கத்தில் வந்தால் நான் எழுந்து நின்றேன். ஒரு கிழவி தண்ணீர் கேட்டு வந்தாள், விரட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் ஆள் வர வரச் சந்தோஷப்பட்ட இடங்களில்தான் இருந்திருக்கிறேன். இப்போது மனிதர் நடந்து வருவதைப் பார்த்தாலே எத்தனை அடி தூரம் என்று அளந்தேன். கோவை பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஜன்னலுக்கு ஜன்னல் முகம்.

நாச்சிமுத்து போகும்போது சந்தையில் நான் விட்டுவிட்டு வந்த என் துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தூரத்தில் இருந்தே நீட்டினார்.

செல்பேசி ஒலித்தது. சுகாதாரத் துறையின் குறுஞ்செய்தி. கோவில்பாளையத்தில் இரண்டு பேருக்கு உதடு கறுத்திருக்கிறதாம். கோவில்பாளையத்தில் இருந்து இங்கே பஸ் இருபது நிமிடத்தில் வந்துவிடும். அவளிடம் காட்டாமல் செல்பேசியை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன்.

பூவரசி என் தோளில் இருந்த துண்டை உருவினாள். விரித்து எங்கள் இருவர் மடிக்கும் நடுவில் போட்டாள். அதற்கு அடியில் தன் கையை நுழைத்தாள். அவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். சந்தைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டவள்.

"வாயால சொல்லாதீங்கப்பா. நீங்க வாயால சொல்றதை நான் நம்ப மாட்டேன். இங்க சொல்லுங்க. எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

துண்டுக்கு அடியில் நான் புளுகியதில்லை. அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். பிடித்ததை விட முடியவில்லை.

"அஞ்சாப்பா? அம்பதா?"

அதை வாயால் சொல்ல வேண்டியது தரகன் வேலை. நான் சொல்லவில்லை. அவள் கை சுடுவது போல இருந்தது. மருதாணியா, வெயிலா, அந்த ஊசியா, வேறு ஏதாவதா? முப்பது வருடத்தில் முதல் தடவையாக, துண்டுக்கு அடியில் நான் பிடித்திருந்த கையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.